தெருக் குழுவில் பேசும் முறை: வாசகர் கேள்வி – பதில்

குடியிருப்பு, தெரு, நகர் அளவில் இயங்கும் வாட்ஸ்அப் குழுக்களில் அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் நடத்தும் விதம் குறித்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டில் தங்கச் சங்கிலி காணாமல் போனது. அவ்வீட்டார் தங்களிடம் வேலை செய்யும் அம்மாவின் படத்தைக் குழுவில் போட்டு, "இவரை யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்" என்று எழுதினார்கள். இரண்டு நாள் கழித்துச் சங்கிலி பீரோவுக்குப் பின்னால் கிடைத்துவிட்டது. படத்தை நீக்கிவிட்டார்கள், வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு மற்ற மூன்று வீடுகளிலும் வேலை போய்விட்டது. அப்போது பேசாமல் இருந்த எங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டா?
— வாசகி, வேளச்சேரி

பதில்: உண்டு. எழுதியவரின் பொறுப்புக்குச் சமமானது என்று சொல்லமாட்டேன், ஆனாலும் உண்டு. அந்தப் படம் குழுவுக்கு வந்த முதல் சில நிமிடங்களில் யாராவது ஒருவர், "போலீசில் புகார் கொடுத்துவிட்டீர்களா? அந்த அம்மாவிடம் பேசினீர்களா? அவர் இந்தக் குழுவில் இல்லையே, பதில் சொல்ல வழியில்லாதவரின் படத்தை எடுத்துவிடுங்களேன்" என்று மரியாதையாகக் கேட்டிருந்தால், மற்றவர்களுக்கும் தயங்கி யோசிக்க ஓர் இடம் கிடைத்திருக்கும். இத்தகைய பதிவுகளுக்குக் கீழே முதலில் வருகிற பதில் எதுவோ, அதையொட்டியே அடுத்தடுத்த பதில்களும் வருகின்றன. "தகவலுக்கு நன்றி" என்று ஒருவர் எழுதிவிட்டால், அந்தக் குற்றச்சாட்டு அங்கேயே உண்மையாகிவிடுகிறது.

அக்கம்பக்கத்தார் குழுவின் நாகரிகத்தை நான் இந்த ஒரு கேள்வியால்தான் அளந்து பார்க்கிறேன்: யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் அங்கே இருக்கிறாரா, அவரால் பதில் சொல்ல முடியுமா? உறுப்பினர் இருவர் சண்டையிட்டுக்கொள்வதுகூட எனக்கு இவ்வளவு கவலை தருவதில்லை, ஏனெனில் இருவரும் தம் பக்கத்தை அங்கேயே சொல்லிக்கொள்ளலாம். வீட்டுவேலை செய்பவர், காவலாளி, துணி தேய்ப்பவர், தண்ணீர் கேன் போடும் தம்பி, சாப்பாடு கொண்டுவந்து தரும் டெலிவரி ஊழியர் ஆகியோரைப் பற்றித்தான் இக்குழுக்களில் மிகக் கடுமையான சொற்கள் எழுதப்படுகின்றன. பெரும்பாலான குழுக்களில் அவர்களில் ஒருவர்கூட உறுப்பினராக இல்லை. தம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்பதை, வேலை போன பிறகுதான் அவர்கள் தெரிந்துகொள்கிறார்கள்.

படமும் சந்தேகமும் சேர்ந்து பரவினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு 2018 மே மாதம் கண்டது. பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த நேரம் அது. குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பத்தார், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைப் பார்த்துச் சந்தேகப்பட்ட கூட்டம் அவர்களைத் தாக்கியதில், முதிய பெண் ஒருவர் உயிரிழந்தார். உங்கள் குடியிருப்பில் நடந்தது அந்த அளவுக்குப் போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் விசாரிப்பதற்கு முன்பே தீர்ப்பு எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது இரண்டுக்கும் பொது.

சட்டமும் இதைச் சிறிய விஷயமாகக் கருதுவதில்லை. ஒருவரின் நற்பெயருக்குக் கேடு தரும் குற்றச்சாட்டைப் பிறர் அறிய வெளியிடுவது அவதூறு. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500ஆம் பிரிவுகளில் இருந்த இக்குற்றம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் வரை தண்டனை விதிக்க அதில் இடமுண்டு. வழக்குப் போடவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நாள் கூலியில் குடும்பம் நடத்தும் ஒருவரால் நீதிமன்றத்துக்கு அலைய முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவரால் அலைய முடியாது என்பதாலேயே நாம் கூடுதல் கவனத்தோடு இருக்கவேண்டும் என்கிறேன்.

படத்தை நீக்கியது போதாது. பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள், வேறு குடியிருப்புகளின் குழுக்களுக்கும் அது போயிருக்கலாம். குற்றம்சாட்டியவர் அதே குழுவில், அதே அளவு தெளிவாக எழுதவேண்டும்: "சங்கிலி எங்கள் வீட்டிலேயே கிடைத்துவிட்டது. அந்த அம்மாமீது தவறாகப் பழி சுமத்திவிட்டோம். அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். அவரை வேலையிலிருந்து நிறுத்தியவர்கள் தயவுசெய்து திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செய்தியை, முன்பு அந்தப் படத்தை அனுப்பிய இடங்களுக்கெல்லாம் அனுப்பிவிடுங்கள்." எழுதக் கூச்சப்படுகிறார்கள் என்றால் நீங்களும் இன்னொருவரும் அவ்வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். குழுவிலேயே அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அவர்கள் தம்மைக் காத்துக்கொள்வதில் இறங்கிவிடுவார்கள், அந்த அம்மாவுக்கு ஒரு பயனும் இருக்காது. மற்ற மூன்று வீட்டாரும் அவரைத் திரும்ப அழைப்பதோடு, இடையில் அவர் இழந்த நாள்களின் சம்பளத்தையும் கொடுப்பதுதான் முறை.

கேள்வி: ஓய்வுபெற்ற பின் எங்கள் நகரின் குடியிருப்போர் குழுவுக்கு அட்மினாக இருக்கிறேன். தெருநாய்களுக்குச் சோறு வைப்பது பற்றி இரு தரப்பினர் இரவு பகலாகச் சண்டையிடுகிறார்கள். இப்போது எதிராளியின் வீட்டுப் பெண்களை இழுத்துப் பேசும் அளவுக்கு வந்துவிட்டது. யாரை நீக்கினாலும் ஒருதலைப்பட்சம் என்பார்கள். பேசாமல் இருந்தால் வழக்கு என்மேல் வருமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வழக்கைப் பற்றிய அச்சத்தை முதலில் விலக்கிவிடுவோம். அட்மினாக இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக, பிறர் எழுதியதற்கு ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்ற நிலைப்பாட்டைப் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2021ஆம் ஆண்டிலும், கேரள உயர் நீதிமன்றம் 2022ஆம் ஆண்டிலும் எடுத்திருக்கின்றன. அட்மினும் அந்தச் செயலில் பங்குகொண்டார், பேசிவைத்துக்கொண்டு செய்தார் என்றால் நிலைமை வேறு. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஆனால் வழக்கு வராது என்பதால் பொறுப்பு இல்லை என்றாகிவிடாது. இத்தனை வீட்டார் தம் கைப்பேசி எண்ணைப் பிறர் பார்க்கும்படி விட்டு உங்கள் குழுவில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரு வார்த்தையும் எழுதாமல் படிக்க மட்டும் செய்கிறவர்கள். வீட்டுப் பெண்களை இழுத்துப் பேசும் செய்தியை அவர்களும், சில வீடுகளில் அவர்களுடைய பிள்ளைகளும் படிக்கிறார்கள். அத்தகைய செய்தியை யார் எழுதினாலும், எந்தத் தரப்பில் நின்று எழுதினாலும், பார்த்த உடனே நீக்கிவிடுங்கள். பிறர் எழுதியதை அட்மின் நீக்கும் வசதி 2022 முதலே இருக்கிறது. நீக்கிவிட்டு, குழுவில் ஒரே வரியில், "குடும்பத்தாரைப் பற்றிய பேச்சு இருந்ததால் ஒரு செய்தியை நீக்கியிருக்கிறேன்" என்று மட்டும் எழுதுங்கள். எழுதியவரின் பெயரைச் சொல்லவேண்டாம். பிறகு அவரைத் தொலைபேசியில் அழையுங்கள். எழுத்தில் சீறுகிற பலர் குரலைக் கேட்டதும் தணிந்துவிடுவார்கள், அதிலும் அழைப்பவர் வயதில் மூத்தவராக இருந்து, "தம்பி, சாப்பிட்டாச்சா?" என்று தொடங்கினால் பாதிக் கோபம் அங்கேயே போய்விடும்.

அன்றிரவு சண்டை அடங்கவில்லை என்றால், அட்மின் மட்டுமே எழுதும்படி குழுவை விடியும்வரை மாற்றிவைக்கலாம். இதற்கு அஞ்சவேண்டியதில்லை. இரவு பதினோரு மணிக்கு மேல் எழுதப்படும் செய்திகளில் காலைவரை காத்திருக்க முடியாதவை மருத்துவ உதவி, தீ, திருட்டு, தண்ணீர் புகுதல் போன்ற சிலவே. அவற்றுக்கு அட்மின்களைத் தொலைபேசியிலேயே அழைத்துவிடலாம்.

இவையெல்லாம் காயத்துக்குக் கட்டு மட்டுமே. சண்டை ஓயாததற்கு உண்மையான காரணம், தீர்த்துக்கொள்ளவேண்டிய இடத்தில் அதைத் தீர்க்காமல் இருப்பது. நாய்களுக்கு உணவு வைப்பது பற்றி ஒன்றிய அரசின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், 2023 தெளிவாகவே பேசுகின்றன. தெருவில் வாழும் விலங்குகளுக்கு உணவளிக்க ஏற்பாடு செய்வது குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொறுப்பு. அந்த இடம் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் நுழைவாயிலுக்கும் மாடிப்படிக்கும் தள்ளியிருக்கவேண்டும். குழந்தைகளும் முதியவர்களும் அதிகம் நடமாடாத நேரமாக இருக்கவேண்டும். உணவு வைப்பவர் அந்த இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவேண்டும். கருத்து வேறுபாடு தீராவிட்டால் அதைக் கேட்டு முடிவெடுக்க ஒரு குழுவை அமைக்கவும் அவ்விதிகளில் வழி இருக்கிறது. ஆகவே "வைக்கலாமா, கூடாதா" என்று நள்ளிரவில் மோதிக்கொள்வதைவிட, "எங்கே, எப்போது" என்று பகலில் உட்கார்ந்து பேசினால் முடிவு கிடைக்கும்.

அந்தக் கூட்டத்தை நேரில் நடத்துங்கள். சங்கம் பதிவு பெற்றது என்றால் அதற்குப் பொதுக்குழு இருக்கிறது, செயற்குழு இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அதிகம் எழுதுகிறவர்களின் கருத்து பொதுக்குழுவின் கருத்தாகிவிடாது. கூட்டத்தில் முதலில் இரண்டு பேரைப் பேச விடுங்கள்: பிள்ளை நாய்க்கடி பட்டு ஊசி போட்டுக்கொண்ட வீட்டார் ஒருவர், தம் சொந்தப் பணத்தில் நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட ஏற்பாடு செய்தவர் ஒருவர். இவ்விருவரும் தாம் செய்ததையும் பட்டதையும் சொல்லக் கேட்டபின் கூட்டம் பேசுகிற தொனி மாறிவிடும் என்று உறுதியாக நம்புகிறேன். இரு தரப்பும் ஒருவரையொருவர் கைப்பேசித் திரையில் மட்டுமே அறிந்திருப்பதுதான் இந்தப் பகையின் பாதிக் காரணம்.

நீக்குவது கடைசி வழி. தனியே சொல்லிப் பார்த்தும் தொடர்ந்தால் நீக்கலாம். ஆனால் இத்தனை நாள் என்று காலம் குறித்து நீக்குங்கள், காரணத்தை அவரிடம் நேரில் சொல்லுங்கள், காலம் முடிந்ததும் நீங்களே மறுபடி சேர்த்துவிடுங்கள். தண்ணீர் நிறுத்தம், மின்தடை பற்றிய அறிவிப்புகள் அதுவரை அவர் வீட்டுக்கு வேறு வழியில் போய்ச் சேரவும் ஏற்பாடு செய்யவேண்டும். ஒருவரைப் பேச்சிலிருந்து விலக்கலாம். தெருவில் வாழத் தேவையான தகவலிலிருந்து விலக்கக் கூடாது.

கேள்வி: காலை வணக்கப் படங்களும் பண்டிகை வாழ்த்துகளும் குவிந்து, குடிநீர் வரும் நேரம் பற்றிய அறிவிப்பு கண்ணில் படாமல் போய்விடுகிறது. நிறுத்தச் சொன்னால் பெரியவர்கள் மனம் நோகிறார்கள்.
— வாசகர், மதுரை

பதில்: நிறுத்தச் சொல்லாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். அறிவிப்புக்கென்று அட்மின்கள் மட்டும் எழுதும் ஒரு குழுவையும், மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொரு குழுவையும் வைத்துக்கொண்டால் இரண்டும் நடக்கும். தனியே வாழும் முதியவர்கள் உங்கள் தெருவில் இருந்தால், அந்தக் காலை வணக்கத்தைச் சற்று மரியாதையோடு பாருங்கள். அவர் எழுந்துவிட்டார், நலமாக இருக்கிறார் என்பதற்கு வேறு அடையாளம் இல்லாத வீடுகளும் இருக்கின்றன. ஒருநாள் அது வரவில்லை என்றால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டிப் பார்க்கவேண்டும்.

கேள்வி: ஒவ்வொரு மழைக்கும் எங்கள் குழுவில் "ஏரி உடைந்துவிட்டது, உடனே வெளியேறுங்கள்" என்ற செய்தி வருகிறது. அனுப்புகிறவர் பெரும்பாலும் ஒரே பெரியவர். அவரைக் கடிந்துகொண்டால் சண்டையாகிறது. விட்டுவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் நடுங்குகிறார்கள்.
— வாசகி, மணப்பாக்கம்

பதில்: 2015 டிசம்பர் வெள்ளத்தை அடையாற்றின் கரையில் இருந்து பார்த்தவர்கள் மழை என்றால் பதறுவது இயல்பு. அந்தப் பெரியவர் உங்களை அச்சுறுத்த நினைத்து அனுப்பவில்லை, காப்பாற்ற நினைத்து அனுப்புகிறார் என்று எடுத்துக்கொண்டால்தான் உங்கள் பதிலில் கனிவு வரும்.

முதலில் ஒரு வேறுபாட்டை எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. நீர்மட்டம் அதை நெருங்கும்போது மதகைத் திறந்து உபரிநீரை அடையாற்றில் விடுவார்கள். விநாடிக்கு எத்தனை கனஅடி விடப்படுகிறது என்பதை அரசு அறிவிக்கும். திறந்துவிடுவது வேறு, உடைவது வேறு. "ஏரியைத் திறந்துவிட்டார்கள்" என்று ஒருவர் சொன்னது கைமாறிக் கைமாறி "ஏரி உடைந்தது" என்று ஆகிவிடுகிறது. மழைக்காலம் தொடங்கும் முன்பே இதை நான்கு வரியில் எழுதிக் குழுவில் வைத்துவிட்டால், யாரும் யாரையும் திருத்தவேண்டிய நிலை குறையும்.

அந்தப் பெரியவரிடம் தனியே பேசுங்கள். "ஐயா, நீங்கள் அனுப்புவதை எல்லாரும் நம்புகிறார்கள். அதனால் எந்த நேரம், எந்த இடம், யார் பார்த்தது என்ற மூன்றும் இருந்தால் மட்டும் அனுப்புங்கள், இல்லையென்றால் என்னிடம் ஒருமுறை கேளுங்கள்" என்று சொல்லலாம். பலமுறை கைமாறி வந்த செய்தியில் இரட்டை அம்புக்குறி இருக்கும் என்பதையும் காட்டிக்கொடுங்கள். 2018இல் வதந்திக் கொலைகளுக்குப் பிறகு இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரல் முதல், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். நிறுவனமே இவ்வளவு தயங்குகிற செய்தியை நாமும் ஒரு நிமிடம் தயங்கி அனுப்பலாம்.

மழை நேரத்தில் இன்னொரு நாகரிகமும் உண்டு. அதைப் பற்றி யாரும் எழுதிக் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். உதவி கேட்டு எழுதியவர், உதவி வந்துவிட்டதும் "வந்துவிட்டது, நலமாக இருக்கிறோம்" என்று எழுதவேண்டும், பழைய கோரிக்கையை நீக்கவேண்டும். தேவை தீர்ந்த வீட்டின் முகவரி சுற்றிக்கொண்டே இருந்தால், படகும் பால் பாக்கெட்டும் மருந்தும் தேவையுள்ள வீட்டுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, சென்னை மாநகராட்சிக்கு 1913 ஆகிய எண்களைக் குழுவின் விவரப் பகுதியிலேயே எழுதிவையுங்கள்.

கேள்வி: என் கணவர் மருத்துவமனையில் இறந்த அரைமணி நேரத்துக்குள் தெருக் குழுவில் யாரோ படத்தோடு செய்தி போட்டுவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் என் மகளுக்கு நாங்கள் சொல்வதற்கு முன்பே, அவளுடைய பள்ளித் தோழி அதைப் பார்த்து ஆறுதல் செய்தி அனுப்பிவிட்டாள். தனியாக ஓர் அறையில் இருந்தவள் அப்படித்தான் தன் தந்தையின் மரணத்தை அறிந்தாள். போட்டவர் நல்லெண்ணத்தில்தான் போட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.
— வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. நல்லெண்ணத்தில் செய்தார் என்பது உண்மையாக இருக்கலாம். அதனால் உங்கள் மகளுக்கு நேர்ந்தது குறைந்துவிடாது.

துக்கச் செய்தியை யாரிடம் முதலில் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதில் நம் ஊர்களில் கண்டிப்பான ஒழுங்கு இருந்தது. வெளியூரில் இருக்கும் மகளுக்குச் செய்தியோடு ஓர் ஆள் போவார். பல வேளைகளில் "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, புறப்படு" என்று மட்டும் சொல்லி, உடனிருந்து அழைத்துவருவார். தந்தி வந்தபோதும், தொலைபேசி வந்தபோதும், பெற்றவளிடமோ பிள்ளையிடமோ நேரடியாகச் சொல்லாமல், முதலில் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி அருகில் ஆளை இருத்திவிட்டுத்தான் சொன்னார்கள். அந்தச் செய்தியைக் கேட்கும்போது ஒருவர் தனியாக இருக்கக் கூடாது என்ற அக்கறைதான் இதற்கெல்லாம் அடிப்படை. கைப்பேசிக் குழு அந்த ஒழுங்கை ஒரு நொடியில் குலைத்துவிடுகிறது, ஏனெனில் யார் எங்கே, எந்த நிலையில் அதைப் படிப்பார் என்பது அனுப்புகிறவருக்குத் தெரியாது.

எல்லாத் தெருக் குழுக்களுக்கும் இதை ஒரு வேண்டுகோளாக வைக்கிறேன். மரணச் செய்தியை அந்த வீட்டார், அல்லது அவர்கள் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்ட ஒருவர் மட்டுமே குழுவில் எழுதவேண்டும். "பிள்ளைகளுக்குச் சொல்லியாயிற்றா? குழுவில் போடலாமா?" என்று கேட்காமல் யாரும் எழுதக் கூடாது. மருத்துவமனையிலோ வீட்டிலோ எடுத்த படத்தைப் போடவே கூடாது. இறந்தவர் நலமாக இருந்த காலத்துப் படம் வேண்டுமென்றால் வீட்டார் தருவார்கள். எழுதும்போது, எந்த இடம், எப்போது எடுக்கிறார்கள், என்ன உதவி தேவை என்பவற்றைத் தெளிவாகச் சொன்னால் போதும். அன்று முழுவதும் அந்தக் குழுவில் பிளம்பர் எண் கேட்பதையும் பழைய சோபா விற்பதையும் நிறுத்திவைக்கலாம். துக்க வீட்டுக்கு நடந்துபோய்ச் சேரும் தொலைவில் இருப்பவர்கள், இரங்கல் குறியீட்டை அனுப்புவதோடு நின்றுவிடாமல் நேரில் போய்க் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு வரவேண்டும். ஒரே தெருவில் இருப்பதன் பயனே அதுதான்.

உங்கள் மகள் அந்தத் தோழியிடம் கோபமாக இருந்தால், தோழிக்கும் முன்கூட்டித் தெரியாது என்பதை நேரம் பார்த்து எடுத்துச் சொல்லுங்கள். செய்தி போட்டவர் இன்னும் உங்கள் வீட்டுக்கு வந்து வருத்தம் தெரிவிக்கவில்லை என்றால், அவர் வரவேண்டும்.

கேள்வி: வாடகைக்கு இருக்கிறேன். லிஃப்ட் பழுது பற்றிக் குழுவில் கேட்டதற்கு, "ஓனர்கள் பேசிக்கொள்வோம், வாடகைக்காரர்கள் தலையிடவேண்டாம்" என்று செயலர் எல்லோர் முன்னிலையிலும் எழுதிவிட்டார். ஒருவர்கூட அதை மறுக்கவில்லை.
— வாசகர், திருச்சி

பதில்: சங்கத்தில் வாக்களிப்பது உரிமையாளரின் உரிமையாக இருக்கலாம். லிஃப்ட் ஓடவில்லை என்று சொல்லும் உரிமை, அதில் ஏறி இறங்கும் எல்லோருக்கும் உண்டு. பராமரிப்புத் தொகையை மாதந்தோறும் தம் கையிலிருந்து கொடுப்பவர்கள் பல குடியிருப்புகளில் வாடகைக்கு இருப்பவர்கள்தாம். தமிழ்நாட்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தல் சட்டம், 2017, வாடகைக்கு இருப்பவருக்குக் கிடைக்கும் அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்றே சொல்கிறது. வசதியைத் தரவேண்டும், ஆனால் அதைப் பற்றி அவர் வாய் திறக்கக் கூடாது என்பது பொருந்தாத நிலை.

செயலருக்குத் தனியே எழுதுங்கள்: "சார், வாக்குரிமை பற்றி நான் பேசவில்லை. மூன்றாம் மாடியில் இருக்கும் பெரியவர்களுக்குச் சிரமமாக இருக்கிறது, எப்போது சரியாகும் என்று மட்டும் தெரிந்தால் போதும்." பதில் வரவில்லை என்றால் உங்கள் வீட்டு உரிமையாளர் வழியாக அடுத்த கூட்டத்தில் எழுப்பலாம். குழுவில் இருந்த மற்ற உரிமையாளர்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. "அவர் கேட்டது நியாயமான கேள்விதானே சார்" என்று ஓர் உரிமையாளர் எழுதியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அதை எழுத உங்களால் முடியாது; அவர்களால்தான் முடியும்.

கேள்வி: கல்லூரி முடித்து வேலைக்குப் போகிறேன். இரவு பணி முடிந்து தாமதமாக நண்பரின் வண்டியில் வந்து இறங்கியதைச் சிசிடிவியிலிருந்து எடுத்து, "நம் குடியிருப்பின் பண்பாடு எங்கே போகிறது?" என்று ஒருவர் குழுவில் போட்டார். முகத்தை மறைத்திருந்தாலும் அது நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா அந்த வாரம் முழுவதும் நடைப்பயிற்சிக்குக்கூடப் போகவில்லை.
— வாசகி, தாம்பரம்

பதில்: உங்கள்மீது ஒரு குற்றமும் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தீர்கள். குற்றம், பாதுகாப்புக்காக எல்லோருடைய பணத்திலும் வைத்த கேமராவை ஒரு பெண்ணைக் கண்காணிக்கப் பயன்படுத்தியவருடையது. பண்பாட்டைப் பற்றிய கவலை இருந்தவர் உங்கள் தந்தையிடம் தனியே வந்து பேசியிருப்பார். அதுவே தேவையற்ற தலையீடு என்றாலும், குறைந்தபட்சம் உங்களை ஊர் நடுவே நிறுத்தியிருக்கமாட்டார்.

நீங்களோ உங்கள் தந்தையோ குழுவில் விளக்கம் எழுதவேண்டாம். எங்கிருந்து வந்தேன், யாரோடு வந்தேன் என்று அங்கே கணக்குச் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர் இல்லை. சங்கத்துக்கு எழுத்து மூலம் இரண்டு கேள்விகளை அனுப்புங்கள்: கேமராப் பதிவைப் பார்க்கவும் எடுக்கவும் யாருக்கு அதிகாரம் தரப்பட்டிருக்கிறது? இந்தக் காட்சி யாருடைய அனுமதியோடு எடுக்கப்பட்டது? பதிவைத் திருட்டு, விபத்து, சேதம் போன்ற காரணங்களுக்காக மட்டும், பொறுப்பாளர் இருவர் முன்னிலையில், புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் பார்க்கலாம் என்று செயற்குழு தீர்மானம் போடவேண்டும் என்றும் அதிலேயே கேளுங்கள். மறுபடியும் யாராவது உங்கள் நடமாட்டத்தைப் படம் பிடித்துப் பரப்பினால், ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரப்படுத்திக்கொண்டு காவல் நிலையத்துக்குத் தயங்காமல் போங்கள். உங்கள் தந்தையிடம், நாளைக் காலை நடைப்பயிற்சிக்கு நீங்களும் உடன் வருவதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: குழுவிலிருந்து விலகினால் அக்கம்பக்கத்தாரை அவமதித்ததாகுமா?
— வாசகர், சேலம்

பதில்: ஆகாது. 2022 முதல், நீங்கள் விலகியது அட்மின்களுக்கு மட்டுமே தெரிவிக்கப்படுகிறது. ஆனால் கோபத்தில் நீண்ட கடிதம் ஒன்றை எழுதிவிட்டு விலகாதீர்கள். படித்தவர்கள் பதில் சொல்ல முடியாத நிலையில் நிற்பார்கள். அட்மினிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவசரச் செய்திகளுக்கு உங்கள் எண்ணையும் பக்கத்து வீட்டார் எண்ணையும் கொடுத்துவிட்டு விலகலாம். விலகவும் மனமில்லை, படிக்கவும் முடியவில்லை என்றால், குழுவின் ஒலியை நிரந்தரமாக நிறுத்திவைத்துவிட்டு மாலையில் ஒருமுறை மட்டும் பார்த்தால் போதும்.